பழைய இன்ஜின்களின் பார்ட்ஸ் புத்தகங்களுக்கு மதுரை நூலகத்தில் ஓர் அலமாரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வாடிப்பட்டி அருகே ஒரு பழைய லோடர் வைத்துத் தொழில் செய்து வருகிறேன். கோடையில் கண்மாய்கள் வற்றியதும், அனுமதி பெற்ற விவசாயிகளுக்கு வண்டல் மண்ணும் கரம்பையும் அள்ளி டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கொடுப்பதும், மற்ற மாதங்களில் செங்கல் சூளைகளுக்கும் கல் கிரஷர்களுக்கும் போவதும் என் தந்தை காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தின் பிழைப்பு. என்னைப் போலப் பழைய லோடர், புல்டோசர், ரோடு ரோலர், ஏர் கம்ப்ரசர், கிரேன் ஆகியவற்றை வைத்துக் காலம் தள்ளுபவர்கள் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களிடம் வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும் பயன்படக்கூடிய ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், பழைய டீசல் இன்ஜின்களின் பார்ட்ஸ் புத்தகங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும் சேர்த்து வைப்பதற்கு ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை. இத்தகைய ஒரு புத்தகத்தின் அருமை எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு சித்திரை மாதம், கண்மாய் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் லோடரின் ஆயில் பிரஷர் முள் சிறிது சிறிதாக இறங்கத் தொடங்கியது. இரண்டாம் நாள் இன்ஜினுக்குள் தட்டும் சத்தம் கேட்டது. இறக்கிப் பிரித்துப் பார்த்ததில், கனெக்டிங் ராடும் கிராங்க் தண்டும் சேரும் இடத்தில் இருக்கும் ‘மெட்டல்’ எனும் பேரிங் தகடுகள் இரண்டில் மேல்பூச்சு தேய்ந்து அடியிலிருந்த செம்பு நிறம் தெரிந்தது. பிஸ்டன் ஒன்றின் பக்கவாட்டில் கோடு கோடாக உராய்வு இருந்தது. பானட்டில் எழுதியிருந்த பெயரையும் மாடலையும் சொல்லி ஒரு கடையில் பிஸ்டன் ஓடும் உருளைக் கூடான லைனரும் பிஸ்டனும் சேர்ந்த செட்டும் மெட்டலும் கேட்டேன். அவர்கள் வெளியூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். பெட்டி வந்துசேர ஒன்பது நாள் ஆயிற்று. லைனரை இன்ஜினின் உடலான பிளாக்கில் இறக்கினால் வாயிலேயே நின்றுவிட்டது. வெர்னியர் வைத்து அளந்தபோது வெளிவிட்டம் ஒன்றரை மில்லிமீட்டர் அதிகமாக இருந்தது. மெட்டலும் உட்காரவில்லை. பிரித்த பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்ன பெயருக்கு உரிய பொருளைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். அந்தப் பெயர் லோடரின் பெயர். உள்ளே இருந்த இன்ஜினோ, எங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ மாற்றி வைத்த வேறொரு இன்ஜின் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் திருநகரில் இருக்கும், பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஃபிட்டர். அவர் வந்ததும் இது என்ன வண்டி என்று கேட்கவில்லை. ஒரு குவளை டீசலும் கம்பி பிரஷும் சாக்பீஸும் கேட்டார். “பானட்டைப் பார்க்காதீங்க தம்பி, பிளாக்கைப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே பிளாக்கின் பக்கவாட்டில் பல வருடங்களாக அப்பியிருந்த எண்ணெய் அழுக்கையும் மூன்று அடுக்குப் பெயிண்டையும் தேய்த்து எடுத்தார். முதலில் இரண்டு சிறிய ரிவிட் துளைகள் தெரிந்தன. அங்கே ஒரு காலத்தில் பெயர்த் தகடு இருந்திருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, சீவிச் சமப்படுத்திய ஒரு விரல் நீள இடம் வெளிப்பட்டது. அதன்மேல் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டுப் பெருவிரலால் ஒருமுறை வழித்தார். கண்ணுக்கே தெரியாமல் இருந்த எண்கள் பள்ளத்தில் தங்கிய சாக்பீஸ் தூளால் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றன. ஆனால் முதல் சில எழுத்துகள் ஏதோ அடிபட்டு நசுங்கியிருந்தன. இன்ஜின் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அந்த முன்னெழுத்துகள்தான் பெரும்பாலும் காட்டும் என்பதால், எஞ்சிய எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியவில்லை.

அதன் பிறகு அவர் அளக்கத் தொடங்கினார். லைனரின் மேல்பகுதி ரிங் ஏறி இறங்கித் தேய்ந்திருக்கும். ஆகவே ரிங் எட்டாத அடிப்பகுதியில், ‘போர்’ எனப்படும் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை வைத்தார். 98.4 மில்லிமீட்டர் வந்தது. கிராங்கையும் ஒரு பிஸ்டனையும் தற்காலிகமாக மாட்டி, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போதும் அடியில் இருக்கும்போதும் பிளாக்கின் மேல்தளத்திலிருந்து ஆழம் பார்த்ததில், அதன் ஓட்டம் 127 மில்லிமீட்டர். அங்குலக் கணக்கில் இவை மூன்றே முக்காலே அரைக்கால் அங்குலமும் ஐந்து அங்குலமும் ஆகும். ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 59 கன அங்குலம்; ஆறு சிலிண்டருக்கும் பெருக்கினால் 354 கன அங்குலம், அதாவது 5.8 லிட்டர். பட்டறைத் தரையில் கரித்துண்டால் இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அவர், அதன் பக்கத்திலேயே ‘6.354’ என்று எழுதினார். பெர்க்கின்ஸ் நிறுவனம் அந்தக் காலத்தில் தன் இன்ஜின்களுக்கு இப்படித்தான் பெயர் வைத்தது: புள்ளிக்கு முன்னால் சிலிண்டர் எண்ணிக்கை, புள்ளிக்குப் பின்னால் கன அங்குலம். அதே போரும் அதே ஓட்டமும் கொண்ட நான்கு சிலிண்டர் இன்ஜின் 4.236. குவாரிகளிலும் பெரிய டோசர்களிலும் பலர் பார்த்திருக்கும் கம்மின்ஸ் 855இன் பெயரும் அவ்வாறு வந்ததே. ஐந்தரை அங்குல போர், ஆறு அங்குல ஓட்டம், ஆறு சிலிண்டர் என்று பெருக்கிப் பார்த்தால் 855 கன அங்குலம் வரும். தகடு தொலைந்துபோன ஓர் இன்ஜினின் பெயரை அதன் வயிற்றை அளந்தே படித்துவிட முடியும் என்பதை நான் என் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

இப்படி இன்ஜின் மாறியிருப்பது எங்கள் லோடருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் 1932இல் தொடங்கிய பெர்க்கின்ஸ் நிறுவனத்தின் டீசல் இன்ஜின்களை, 1840இல் குதிரை வண்டி கட்டும் தொழிலில் தொடங்கிய சென்னை சிம்சன் நிறுவனம் 1950களில் நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. லாரி, டிராக்டர், கம்ப்ரசர், ஜெனரேட்டர் என்று பலவற்றில் அவை ஏறின. அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் நம் பக்கத்தில் பெருகினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு இயந்திரத்தின் சொந்த இன்ஜின் தீர்ந்துபோய், அதற்குப் பாகம் கிடைக்காமல் போகும்போது, கைப்பழக்கமான இன்ஜின் ஒன்றைத் தாங்கு பிராக்கெட் செய்து பொருத்திவிடுவது சிக்கனமான, அறிவுள்ள செயல்தான். என்ன மாற்றினோம் என்பதை எங்கும் எழுதிவைக்காமல் விட்டுவிடுவதுதான் பின்னால் வருபவரைத் திண்டாட வைக்கிறது.

இன்ஜினின் வகை தெரிந்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. அதே போரும் ஓட்டமும் இருந்தாலும், பிஸ்டன் தலையிலுள்ள குழியின் வடிவம், பின் துளையின் உயரம், ரிங் பள்ளங்களின் அகலம் ஆகியவை இன்ஜினின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேறுபடலாம். ஆகவே பழைய பிஸ்டனைக் கையில் எடுத்துச் சென்று ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். பிளாக்கிலும் ஹெட்டிலும் புடைப்பாக இருக்கும் பெரிய எண்களைப் பார்ட் எண் என்று நினைத்துக் கடையில் சொல்பவர்கள் உண்டு. நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது வார்ப்பு எண். ஒரே வார்ப்பை வெவ்வேறு விதமாகக் கடைந்து வெவ்வேறு பாகங்களாக்குவார்கள் என்பதால், வார்ப்பு எண்ணை மட்டும் நம்பிப் பணம் கட்டக்கூடாது.

பழைய மெட்டல்களைத் தூக்கி எறியும் முன் அவற்றின் முதுகைத் துடைத்துப் படிக்க வேண்டும் என்பதையும் அந்த ஃபிட்டரிடம்தான் கற்றேன். தயாரித்தவரின் முத்திரை, பாகத்தின் எண், அளவு மூன்றும் அங்கே அச்சாகியிருக்கும். எங்கள் மெட்டலின் முதுகில் 020 என்று இருந்தது. அதாவது கிராங்க் ஏற்கெனவே இருபது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிரைண்டிங் ஆகியிருக்கிறது. நான் முதலில் வாங்கி வந்தது ஸ்டாண்டர்டு அளவு. இன்ஜின் அதே இன்ஜினாக இருந்திருந்தாலும் அந்த மெட்டல் பொருந்தியிருக்காது. இந்த ஒரு எண்ணைப் படிக்காமல் மெட்டல் வாங்கி ஏமாந்தவர்களை அதன் பிறகு நான் விசாரித்தபோது, எங்கள் ஊரைச் சுற்றியே மூன்று பேர் இருந்தார்கள்.

ஃபியூல் பம்பின் தகடும் நிறையப் பேசும். மைகோ நிறுவனத்தின் பம்பு ஒன்றின் தகட்டில் ‘பி.இ.எஸ். 6 ஏ 90’ என்று தொடங்கினால், அது ஆறு சிலிண்டருக்கான வரிசைப் பம்பு, ஏ அளவு, டீசலை அழுத்தித் தள்ளும் எலிமென்ட்டின் விட்டம் 9 மில்லிமீட்டர் என்று பொருள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் தகட்டில் ‘ஆர்.எஸ்.வி. 300-1250’ என்றிருந்தால் அவை பம்பின் சுற்றுகள். இன்ஜின் அதைப் போல இரு மடங்கு, அதாவது நிமிடத்துக்கு 2500 சுற்று வரை ஓடும்படி அமைக்கப்பட்டது. டீசலைத் தெளிக்கும் நாசிலில் ‘டி.எல்.எல்.ஏ. 150’ என்று இருந்தால் 150 என்பது டீசல் விரிந்து பாயும் கோணம். கோணம் மாறிய நாசிலைப் போட்டால் இன்ஜின் ஓடத்தான் செய்யும். ஆனால் புகை தள்ளும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், காலப்போக்கில் பிஸ்டனையும் கெடுக்கும். பம்பும் ஒரு காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், அதன் தகட்டை இன்ஜினின் அடையாளத்துக்கு ஒரு சாட்சியாக மட்டும் கொள்ள வேண்டும். அதுவே முடிவான சான்றாகாது.

போல்ட்டின் மரையும் இன்ஜினின் வயதைக் காட்டிக் கொடுக்கும். அரை அங்குல போல்ட் ஒன்றில் அங்குலத்துக்கு 12 மரை இருந்தால் அது பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரை. 13 இருந்தால் பின்னால் வந்த யூ.என்.சி. மரை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு சுற்று ஏறவும் செய்யும். அதற்கு மேல் ஸ்பேனரை வைத்து அழுத்தினால் பிளாக்கின் மரை போய்விடும். இருபது ரூபாய் போல்ட்டால் பிளாக் வீணாகும் இந்தத் துயரம், மரை கேஜ் ஒன்று பட்டறையில் இருந்தால் நேராது. பால் பேரிங்கும் ஆயில் சீலும் மட்டும் எளியவை. 6308 என்ற பேரிங்கின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 40 மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும், சீலின் மேல் தண்டு, வெளிவிட்டம், தடிமன் மூன்றும் எழுதியிருக்கும். இவை எந்த நாட்டு இயந்திரத்திலிருந்து வந்தாலும் இங்கேயே கிடைக்கும்.

அடையாளம் சரியாகத் தெரிந்தபின் பாகங்களைத் தேடுவது நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. சிம்மக்கல், வடக்கு வெளி வீதிப் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் சரியான எண்ணைச் சொன்னதும் கேஸ்கெட்டும் ஃபில்டரும் அன்றே கிடைத்தன. லைனரும் பிஸ்டனும் சென்னையிலிருந்து வந்தன. கிடைக்காத சிலவற்றுக்குக் கோயம்புத்தூர் லேத் பட்டறைகள் இருக்கின்றன; மாதிரியைக் கொடுத்தால் புஷ், தண்டு, பற்சக்கரம் போன்றவற்றை நல்ல முறையில் செய்து தருகிறார்கள். ஆனால் மெட்டல், நாசில், பம்பு எலிமென்ட் ஆகியவற்றைப் பட்டறையில் செய்து போடலாம் என்று யார் சொன்னாலும் ஏற்கக்கூடாது என்பது என் கருத்து. அவற்றின் துல்லியம் லேத்தில் கடைந்து வருவதல்ல. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய இன்ஜினையே முழுதாக வாங்கிப் பாகம் எடுப்பதும் ஒரு வழி. அப்படி வாங்கும்போது பிளாக்கில் வெடிப்பு உள்ளதா என்பதையும், கிராங்க் எத்தனை தௌ வரை கிரைண்டிங் ஆகியிருக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

மெட்டலின் சரியான எண்ணை எங்களுக்குத் தந்தது ஒரு புத்தகம். பிளாஸ்டிக் அரிசிப் பையில் சுற்றி வைத்திருந்த அந்தப் பார்ட்ஸ் புத்தகத்தை ஃபிட்டர் தம் வீட்டுப் பரணிலிருந்து எடுத்து வந்தார். அட்டை இல்லை, ஓரங்கள் எண்ணெய் குடித்துக் கண்ணாடித்தாள் போல் ஆகியிருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் இன்ஜினின் ஒரு பகுதி பிரித்துப் பரப்பியதுபோல வரையப்பட்டிருந்தது; வாஷர் வரை ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், எதிர்ப் பக்கத்தில் அதற்குரிய பார்ட் எண், எந்த இன்ஜின் எண்ணிலிருந்து எந்த எண் வரை அது பொருந்தும் என்ற குறிப்பு. அவற்றைவிட அருமையானவை ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதிவைத்திருந்தவை: இந்த எண் நின்றுவிட்டது, அதற்குப் பதில் இது, இந்த சீலுக்கு டிராக்டர் சீல் பொருந்தும், இந்த கேஸ்கெட்டில் தண்ணீர்த் துளை ஒன்று குறைவு, வாங்க வேண்டாம். நாற்பது வருட அனுபவம் அந்த ஓரங்களில் இருந்தது. பெர்க்கின்ஸ் 1998இல் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் கைக்குப் போனதுபோல, நிறுவனங்கள் கைமாறும்; பார்ட் எண்களும் காலப்போக்கில் மாறுவதுண்டு. பழைய எண்ணிலிருந்து இன்றைய எண்ணுக்கு வந்துசேர இப்படிப்பட்ட புத்தகமும் குறிப்பும் இல்லாமல் முடியாது.

அவர் சொன்ன இன்னொரு செய்திதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அவர் வேலை பார்த்த இடம் மூடப்பட்டபோது, இதுபோன்ற புத்தகங்கள் இரண்டு அலமாரி நிறைய இருந்தனவாம். அத்தனையும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடப்பட்டன. அவர் தம் சைக்கிளில் வைத்துக் கொண்டுவர முடிந்தது நான்கு புத்தகங்கள். உதிரிபாகக் கடைகளிலும் தலைமுறை மாறும்போது கணினி வந்துவிட்டது என்று சொல்லி இவற்றை அகற்றுகிறார்கள். கணினியில் இருப்பவை இன்று விற்பனையில் உள்ள மாடல்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய இன்ஜின்களில் பலவற்றுக்கு அந்தக் காகிதமே எஞ்சியிருக்கிறது.

ஆகவே நூலகத் துறைக்கு என் வேண்டுகோள் இது. அரசுத் துறைகள், மூடப்பட்ட ஆலைகள், பழைய விற்பனையாளர்கள், ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள் ஆகியோரிடமிருந்து பார்ட்ஸ் புத்தகங்களையும் கையேடுகளையும் நன்கொடையாகப் பெற்று, கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நிறுவனம், மாடல் வாரியாக அடுக்கி வைக்க வேண்டும்; அங்கேயே உட்கார்ந்து பார்க்கவும், தேவையான ஒரு பக்கத்தின் எண்களைக் குறித்துக்கொள்ளவும் வசதி செய்து தர வேண்டும். விவசாயிகளுக்குப் புல்டோசர்களை வாடகைக்கு விடும் வேளாண்மைப் பொறியியல் துறையின் பணிமனைகளில் பயன்பாட்டில் இல்லாத பழைய கையேடுகள் இருந்தால், அவற்றைக் கழித்துக்கட்டும்போது நூலகத்துக்கு அனுப்பலாம். கே. புதூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் படிக்கும் மாணவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து, சேரும் புத்தகங்களைப் பட்டியலிட்டால் அவர்களுக்கும் தகடு படிக்கும் பழக்கம் வரும். மதுரை சிறுதொழில் நிறுவனங்களின் சங்கமான மடீட்சியா தன் உறுப்பினர்களிடம் ஒரு சுற்றறிக்கை வழியாகக் கேட்டாலே கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைகளிலிருந்து கணிசமாக வரும் என்று நம்புகிறேன்.

இயந்திரம் வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஆயுதபூஜைக்கு முன் பெயிண்ட் அடிக்கும்போது, இன்ஜின் தகட்டின் மேலும் பம்புத் தகட்டின் மேலும் கிரீஸ் தடவி ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு அடியுங்கள். அதற்கு முன் இரண்டையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை மாற்றினால், எந்த நாளில் எதை எடுத்துவிட்டு எதை வைத்தோம், கிராங்க் எத்தனை தௌ என்பதை ஒரு நோட்டில் எழுதி, வண்டியை விற்கும்போது அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

எங்கள் லோடர் வைகாசி பிறப்பதற்குள் மீண்டும் கண்மாயில் இறங்கிவிட்டது. அந்த நான்கு புத்தகங்களையும் நூலகத்துக்குத் தர ஃபிட்டர் ஐயா சம்மதித்திருக்கிறார். அவருடைய பென்சில் குறிப்புகளை நான் தனியாக ஒரு நோட்டில் படியெடுத்து வருகிறேன். இரண்டு புத்தகத்தின் குறிப்புகள் முடிந்துவிட்டன. அலமாரி தயாரானதும் நானே நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
லோடர் உரிமையாளர்,
வாடிப்பட்டி, மதுரை மாவட்டம்.